பாறை ரூமின் காற்று

10.8.1999, செவ்வாய்

எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒரு கட்டு திருத்தாமல் கிடக்கிறது. அதற்குள் ஒருத்தி வந்து என் வீட்டுக்கு மார்க் போடப் போகிறேன் என்கிறாள்.

பெயர் ஹுஸ்னா. பேகம்பூர்ப் பெண். காந்திகிராமத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். என் மகள் ஜெயமேரியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பாறைமேட்டுத் தெருவில் பதினோரு வீடுகளில் வீட்டுக்கொரு டப்பா தொங்கவிடப் போகிறாளாம். பாறைக்குள்ளிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, வெளியே வந்தால் காற்றோடு போய்விடும், மூடின அறைக்குள் வந்தால் தங்கிவிடும் என்றாள். வருஷக் கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வர வாய்ப்பு கூடுமாம்.

"ஏம்மா, திண்டுக்கல்லுல இம்புட்டுத் தெரு இருக்க, எங்க தெருவ எதுக்குப் பிடிச்ச?"

"இங்கதான் டீச்சர் வீடெல்லாம் பாறையோட ஒட்டிக் கட்டிருக்காங்க. அதுலயும் உங்க வீடுதான் ரொம்ப உள்ள போயிருக்கு."

பாறை ரூமைச் சொல்கிறாள். பின்னறைக்குப் பின்சுவர் கிடையாது, பாறைதான் சுவர். எங்கள் தெருவில் கல்லுடைக்கிற தங்கமுத்து உளி வைத்துச் செதுக்கிக் கொடுத்தது. சித்திரை வெயிலில் ஊரே வெந்து கிடக்கும்போது அந்த ரூமில் ஃபேன் போட வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாக அங்கேதான் படுக்கிறார். இந்த இடத்தை வாங்கும்போது அவருடைய அண்ணன் "பாறையில ஆடு மேய்க்கலாம், வீடு கட்ட முடியாது" என்று சிரித்தார். கட்டினேன். வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட அந்த ரூமில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார். அந்த ரூமில் விஷம் இருக்கிறதாம்.

அந்த ரூமின் நடுவில் உத்தரத்திலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டுப் போயிருக்கிறாள். மாத்திரை டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே சின்ன பிலிம் துண்டு. அந்த வாயு பிலிமில் கீறல் போடும், அதை மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்களாம். மூன்று மாதம் தொங்க வேண்டும். "எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க டீச்சர், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று மூன்று தரம் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

11.8.1999, புதன்

இன்று கிரகணம் என்று பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மூட நம்பிக்கை என்று வந்த பாதியைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த டப்பாவை அவிழ்த்தேன். ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன்.

இதில் என்ன தப்பு? கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்கிறோம்? முந்தின நாளே வெள்ளை அடிக்கிறோம், வராத பிள்ளைகளை வீட்டுக்கே போய் இழுத்து வருகிறோம், நன்றாகப் படிக்கிறவர்களை முன் வரிசையில் உட்கார வைக்கிறோம். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் திருத்தமாக வைத்துக் காட்டுவது மரியாதை.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள நடுவுலல்ல கட்டிட்டுப் போச்சு?" என்றார்.

"தலையில இடிக்குது."

"எந்தலையில இடிக்கல. நீ என்னைய விடக் குட்டை."

ஈபி லைனில் வேலை பார்க்கிறவருக்கு எல்லாம் அளந்துதான் பேச்சு.

3.9.1999

ஹுஸ்னா தெருவுக்கு வந்தாள். முன்னறையிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

9.11.1999, செவ்வாய்

தீபாவளி லீவு முடிந்தது. நேற்றுச் சாயங்காலமே டப்பாவைப் பழைய இடத்தில் கட்டிவிட்டேன். நூலின் முடிச்சைக்கூட அவள் போட்ட மாதிரியே போட்டேன். இன்று வந்து எடுத்துப் போனாள். "ரொம்ப நன்றி டீச்சர், தங்கமுத்து வீட்டுல பிள்ளைக விளையாடிக் கீழ தள்ளிருச்சுங்க, நீங்கதான் பத்திரமா வச்சிருக்கீங்க" என்றாள்.

ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் பக்கம் முழுக்கக் கோடு போட்டு அடிக்கிறவள் நான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன்?

22.1.2000, சனி

முடிவு வந்துவிட்டது. தங்கமுத்து வீடு எழுநூற்றுப் பத்து. மற்ற வீடுகள் முந்நூறு, நானூறு, ஐந்நூறு. பெக்கரல் என்று கணக்கு. இருநூறு தாண்டினால் ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாடுகளில் வைத்திருக்கிறார்களாம்.

என் வீடு ஐம்பத்தெட்டு.

தெருவிலேயே கம்மி என் வீடுதான். ஹுஸ்னா பேப்பரைக் கொடுக்கும்போது நெற்றியைச் சுருக்கினாள். "பாறைக்குள்ள நெறைய போயிருக்கிறது உங்க வீடு. ஆனா நம்பர் தெருவுலயே கம்மியா வந்திருக்கு. எனக்கே புரியல டீச்சர்" என்றாள்.

"கட்டுன கை அப்படி" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

30.1.2000, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் தங்கமுத்து. கல்லுடைத்துக் காய்த்த கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "டீச்சரம்மா, அந்தப் பிள்ள என்னமோ சொல்லி எம் பொண்டாட்டியப் பயமுறுத்திருச்சு. ஜன்னல் பெருசா வைக்கணும், தரையில வெடிப்ப அடைக்கணும்னு. எங்க வீட்டப் போல நாலு மடங்கு பாறை உங்க வீட்டுல. அங்கயே ஒண்ணும் இல்லையாம், இங்க எங்க இருந்து வரும்? எல்லாம் டுபாக்கூருன்னு சொல்லிட்டேன்."

சிரித்துவிட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்கிறார் வீட்டுக்காரர். நான் போட்டதாகத்தான் ஞாபகம்.

27.2.2000, ஞாயிறு

ஜெயமேரிக்கு ஏழாம் மாதம். தவக்காலம் தொடங்கும் முன்பே கூட்டி வந்துவிட வேண்டும் என்று நிலக்கோட்டைக்குப் போனோம். மருமகன் டோனி பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்ததால் வீடு முழுக்க மல்லிகை வாசம்.

சம்பந்தியம்மா ரோஸ்மேரி எல்லாம் செய்தார், ஒரு குறை இல்லை. கிளம்பும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மதினி, தப்பா நெனைக்காதீங்க. உங்க தெருவுல வீட்டுக்குள்ள ஏதோ கெட்ட வாயு இருக்குன்னு டெஸ்ட் எடுத்தாங்களாமே. டோனி கேள்விப்பட்டிருக்கான். பிள்ளத்தாச்சிய அங்க அனுப்புறதான்னு யோசனையா இருக்கு."

இதற்காகத்தான் காத்திருந்தவள் மாதிரி பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு என்ற இடத்தில் நானே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். ரோஸ்மேரி வாசித்துவிட்டு, "அப்ப சரி மதினி, நீங்க படிச்சவங்க" என்று மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயமேரி நடுவில், வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னாளபட்டி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

11.5.2000, வியாழன்

பெண் குழந்தை. மூன்று கிலோ. ஜெயமேரி நலம். கர்த்தருக்கு நன்றி.

16.5.2000, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாறை ரூமில்தான் தாயும் பிள்ளையும். கட்டில், தொட்டில், சாம்பிராணிச் சட்டி எல்லாம் அங்கே. ரோஸ்மேரி இரண்டு வாரம் கூட இருக்க வந்திருக்கிறார். பிள்ளைக்கு நாற்பது நாள் காற்றுப் படக்கூடாது, தாய்க்கும் படக்கூடாது, காதில் பஞ்சு, தலையில் துண்டு. ஜன்னலைச் சாத்தி இடுக்கில் என் பழைய நூல் சேலையைத் திணித்து அடைத்துவிட்டார். கதவுக்கும் திரை. உள்ளே போனால் ஜில்லென்று இருக்கிறது. "ஏசி ரூம் தோத்துப் போகும் மதினி" என்றார் ரோஸ்மேரி.

எனக்கும் ஜெயமேரி பிறந்தபோது இப்படித்தான் செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லையே. ஒன்றும் ஆகவில்லை.

20.5.2000, சனி

நாளெல்லாம் அந்த ரூமுக்குள்தான் பிள்ளை. இருபத்து நான்கு மணி நேரமும். ஜன்னல் கம்பியில் டப்பா தொங்கின இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியும்.

24.5.2000, புதன்

ஹுஸ்னா குழந்தையைப் பார்க்க வந்தாள். பேகம்பூரிலிருந்து பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் கவுனும் கொண்டு வந்தாள். பாறை ரூமுக்குள் போனதும் மூச்சை இழுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ.

வாசலுக்கு வந்து செருப்புப் போடும்போது சொன்னாள்: "நல்ல வேளை டீச்சர், உங்க வீட்டு நம்பர் கம்மியா வந்துச்சு. வேற வீடா இருந்தா இப்படி அடைச்சு வைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். தெருவுல யாருமே நான் சொன்னதச் செய்யல. எல்லாரும் டீச்சர் வீட்டுலயே ஒண்ணுமில்லன்னு உங்களத்தான் காட்டுறாங்க. தங்கமுத்து அண்ணன் இருந்த ஒரு ஜன்னலையும் செங்கல் வச்சு அடைச்சிட்டாரு, வெயில் வருதுன்னு. நாலு பிள்ளைக அங்கதான் படுக்குதுக."

நல்ல வேளை என்று சொன்னாளே, அந்த வார்த்தை.

25.5.2000

எழுத ஒன்றுமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

26.5.2000, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் சின்னாளபட்டி பஸ்ஸைப் பிடித்து காந்திகிராமத்துக்கே போனேன். ஹுஸ்னா லேபில் இருந்தாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, "டப்பாவை நான் மறுநாளே அவுத்து ஜன்னல்ல கட்டிட்டேன். மூணு மாசமும் ஜன்னல் தொறந்திருந்துச்சு. நீ வர்றதுக்கு முந்தின நாள் திருப்பிக் கட்டினேன்" என்றேன். ஒரே மூச்சில்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

"உங்க வீட்டு நம்பர வச்சு ஒரு பக்கமே எழுதிட்டேன் டீச்சர். பாறையில வெடிப்பு இல்லாம இருக்கலாம், அதனால இருக்கலாம், இதனால இருக்கலாம்னு. கைடு நம்பல. நான் உங்களுக்காகச் சண்டை போட்டேன். வினோலியா டீச்சர் சயின்ஸ் டீச்சர், அவங்க வீட்டுல தப்பு நடந்திருக்காதுன்னு."

நாற்பத்தாறு வயதில் ஒரு பிள்ளை முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நியாயம்தான். பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன். கைக்குழந்தை பத்து நாளாக அதற்குள் இருக்கிறதே, என்ன ஆகும்?

"பயப்படாதீங்க. பத்து நாள்ல, ஒரு மாசத்துல ஒண்ணும் ஆயிராது. இது வருஷக்கணக்குல சேர்ற விஷயம். ஆனா தெரிஞ்சே அடைச்சு வைக்க வேண்டாம். இன்னைக்கே ஜன்னலத் தொறந்து விடுங்க. சார் அங்க படுத்துச் சிகரெட்டும் பிடிச்சா அதுதான் ரொம்ப மோசம், ரெண்டும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு."

வந்த கையோடு சேலையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன்.

27.5.2000, சனி

வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

ரோஸ்மேரி ஜன்னலைச் சாத்துகிறார், நான் திறக்கிறேன். "பச்ச உடம்புக்காரி மதினி, சன்னி கண்டுரும். நாலு பிள்ள பெத்தவ சொல்றேன்" என்கிறார். நான் ஒன்று பெற்றவள்தான். ஆனாலும் திறந்தேன். தொட்டிலை ஜன்னலுக்கு நேரே போடாமல் மூலைக்கு மாற்றினேன், ஜெயமேரிக்குக் காதில் பஞ்சும் தலையில் துண்டும் அப்படியே. வைக்க வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும். ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

"அந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்லன்னுதான போட்டிருந்துச்சு?" என்றார் ரோஸ்மேரி.

அப்போதே சொல்லிவிட்டேன். டப்பா, ஜன்னல் கம்பி, முடிச்சு எல்லாவற்றையும். ஜெயமேரி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய்ப் பேப்பரக் காட்டியாம்மா என்னையக் கூட்டிட்டு வந்த?"

ஆமாடி. ஆமா. வேற என்ன சொல்லச் சொல்ற.

28.5.2000, ஞாயிறு

இன்று எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம், என் வீட்டு முறை. செபமாலை முடிந்து காபி கொடுப்பதற்கு முன்னால் நின்றுகொண்டே பேசினேன். தங்கமுத்து அன்பியத்துக்கு வருகிறவர் இல்லை. அவரையும் அவர் மனைவியையும் நானே போய் அழைத்து வந்தேன்.

வீட்டுக்காரர் முந்தின நாளே சொன்னார்: "வீட்டுக்குள்ள சொன்னது போதும், தெருவுக்கு எதுக்கு? நாளைக்கு எந்தப் பிள்ள உன்னைய டீச்சர்னு மதிக்கும்?" நான் கேட்கவில்லை. என் நம்பரைச் சொல்லித்தான் தெரு ஜன்னலைச் சாத்தியது. நான்தான் திறக்கச் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தெட்டு பொய் என்றேன். உங்கள் வீட்டு நம்பரெல்லாம் நிஜம், என் வீட்டு நம்பர் ஒன்றுதான் பொய் என்றேன். மூன்றாவது வீட்டு அம்மா, "ஏன் டீச்சர் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். "வீம்புதான்" என்றேன். அதைவிடச் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கமுத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "எம் பிள்ளைக நாலும் அங்கதான் படுத்திருக்கு டீச்சரம்மா. உங்க வீட்டு நம்பர நம்பி எங்கையாலயே ஜன்னல அடைச்சேன்." கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காபி குடிக்காமல் போய்விட்டார்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம், போங்கடா, சொல்லிவிட்டேன் என்றும் இருக்கிறது. திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டட்டும்.

29.5.2000, திங்கள்

டோனி வேன் கொண்டு வந்துவிட்டார். பூ மூட்டை ஏற்றுகிற வேன். மெத்தை போட்டுத் தாயையும் பிள்ளையையும் ஏற்றினார்கள். பத்தொன்பது நாள் பிள்ளையைத் தாய் வீட்டிலிருந்து கூட்டிப் போனால் தெரு என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோஸ்மேரிக்கும் தெரியும். "நீங்க மறைச்சது வாயுவ இல்ல மதினி" என்று மட்டும் சொன்னார்.

ஜெயமேரி ஏறும்போது, "நெசமான நம்பர் வந்து, அது சரியாகுற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றாள். அழவில்லை. என் புத்திதான் அவளுக்கும்.

சரி. நிஜ நம்பர் வரட்டும்.

4.6.2000, ஞாயிறு

ஹுஸ்னா வந்து டப்பாவைக் கட்டினாள். இந்தத் தடவை நான்கு பக்கமும் அளந்து பாறை ரூமின் நட்டநடுவில் கட்டினாள். ஜன்னலையும் கதவையும் எப்போதும் போலச் சாத்தி வைக்க வேண்டும். நாங்கள் முன்னறைக்கு மாறிவிட்டோம். முன்னறையில் புழுக்கம். "பதினாறு வருஷம் என்னையக் கூலா வச்சிருந்த ரூம்மா அது" என்று அவர் ஹுஸ்னாவிடம் புலம்பினார். பாறை ரூம் கதவைப் பூட்டி, சாவியை ஹுஸ்னாவிடமே கொடுத்து அனுப்பினேன்.

16.7.2000, ஞாயிறு

நிலக்கோட்டையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சகாயசெல்வி என்று பெயர். கோவிலில் எல்லோர் முன்னாலும் ஜெயமேரி என்னோடு பேசினாள், பேசாவிட்டால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்கிற அளவுக்கு. பிள்ளையை என் மடியில் போட்டாள். பதினைந்து நிமிஷம் இருக்கும். பிறகு பால் குடிக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள்.

14.10.2000, சனி

எண்ணூற்று நாற்பது.

தெருவிலேயே அதிகம். ஹுஸ்னா சொல்லும்போது குரல் தாழ்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுத ஆசை. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினாறு வருஷம் படுத்திருக்கேன் இதுக்குள்ள. நீ எஞ் சிகரெட்ட மட்டும் திட்டிக்கிட்டே இருந்த."

"இனி ரெண்டையும் திட்டுறேன்" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு இருமினார். சளிதான் என்கிறார். எக்ஸ்ரே எடுக்காமல் விடப் போவதில்லை.

21.10.2000

எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. ஒன்றுமில்லை, சளிதான் என்றார் டாக்டர். இப்போதைக்கு ஒன்றுமில்லை.

29.10.2000, ஞாயிறு

அவருடைய அண்ணன் வந்தார். நம்பரைக் கேள்விப்பட்டிருக்கிறார். "நான் அப்பவே சொன்னேன்ல. பேசாம வித்துட்டு டவுனுக்குள்ள வாங்க. விக்கிறவரைக்கும் இந்த நம்பர வெளிய விடாத, வெல போகாது."

வெளியே விடாமல் இருந்து பார்த்தாகிவிட்டது அத்தான். வீட்டை விற்கவும் மாட்டேன், நம்பரை மறைக்கவும் மாட்டேன். வாசல் நிலையில் சாக்பீஸால் 840 என்று எழுதி வைத்தேன். அவர் போகும்போது பார்க்கட்டும் என்று.

5.11.2000, ஞாயிறு

ஹுஸ்னா ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். தரையிலும் பாறையிலும் உள்ள வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். பாறையை ஒட்டி ஒரு முழம் தள்ளி செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தேங்குகிற காற்றைக் குழாய் வைத்து மொட்டை மாடிக்கு மேலே இழுத்து விட வேண்டும், அதற்கு ஒரு ஃபேன். எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னல்.

எனக்குத் தெரிந்து அந்தப் பாறையை அறிந்த கை ஒன்றுதான். தங்கமுத்து வீட்டுக்குப் போனேன். அடைத்த ஜன்னலைப் பிரித்துப் பெரிதாக வைத்திருக்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே கேட்டேன்.

"வேற ஆளப் பாத்துக்கங்க டீச்சரம்மா."

"வேற ஆளுக்கு அந்தப் பாறை தெரியாது. எங்க வெடிப்புன்னு உங்களுக்குத்தான் தெரியும். வெட்டுனது நீங்க."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "புதன்கெழம வாரேன். ஆனா நீங்க பக்கத்துல நிக்கக்கூடாது. நீங்க நின்னா இப்படி வை அப்படி வைன்னு சொல்லுவீங்க."

நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிற்பேன் என்று அவருக்கும் தெரியும்.

19.11.2000, ஞாயிறு

சுவர் எழும்பிவிட்டது. பாறை மறைந்தது. பாறை ரூம் இப்போது எல்லோர் வீட்டு ரூம் மாதிரி ஒரு ரூம், அகலத்தில் ஒரு முழம் கம்மி. ஃபேனுக்கு ஒயர் அவர் இழுத்தார். லைன் இன்ஸ்பெக்டர் தன் வீட்டுக்கு வேலை பார்க்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஊருக்கே லைன் கொடுத்திருக்கலாம்.

சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டை ஒரு வாரமாகக் காணோம். நான் கேட்கவில்லை. கேட்டால் வீம்புக்குத் திரும்பத் தொடங்குவார்.

14.1.2001, ஞாயிறு

பொங்கலன்று மூன்றாவது டப்பா. ஃபேன் ஓட, ஜன்னல் இரண்டையும் சாத்திப் பார்க்கச் சொன்னேன். ஹுஸ்னா, "தொறந்தே வைக்கலாமே டீச்சர்" என்றாள். "வேண்டாம். மோசமான நெலமையில என்னன்னு தெரியணும்" என்றேன். சாவி அவளிடம்.

மற்ற வீடுகளிலும் மாட்டினோம், நானும் கூடப் போனேன். நான் ஸ்டூலை மட்டும்தான் பிடித்தேன்.

26.5.2001, சனி

நூற்றுப் பன்னிரண்டு.

தங்கமுத்து வீடு நூற்றெண்பது. ஹுஸ்னா கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எங்கே எத்தனை நாள் தொங்கியது என்று எல்லாம் எழுதிக் கொடுத்தாள். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. சிவப்பு வட்டமும் போடவில்லை. தபாலில் நிலக்கோட்டைக்கு அனுப்பவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். நம்பர் வந்துவிட்டது என்று மட்டும் போனில் சொன்னேன். ஜெயமேரி, "ம்" என்றாள்.

3.6.2001, ஞாயிறு

மத்தியானம் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் சத்தம். டோனி, ரோஸ்மேரி, இடுப்பில் பிள்ளையோடு ஜெயமேரி. சொல்லிக்கொண்டு வரவில்லை.

வாசலைத் தாண்டினாள், பாறை ரூம் நிலை வரை வந்தாள், அங்கேயே நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவர், குழாய், இரண்டு ஜன்னல். பிள்ளை இறங்க வேண்டும் என்று கால் உதைத்தது. ஒரு வயசாகிவிட்டது, கீழே விட்டால் ஓடுகிறதாம். அவள் விடவில்லை.

"பேப்பரக் குடும்மா."

கொடுத்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே வாசித்தாள். தேதியைப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள்.

"எங்க மாட்டினது?"

"ரூமுக்கு நடுவுல. ஹுஸ்னா மாட்டினா. சாவியும் அவகிட்டதான். நான் தொடல."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள். "அப்பா, நெசமா?"

"நெசந்தாம்மா" என்றார் அவர்.

வலித்தது. இருபத்து நாலு வருஷம் வளர்த்த பிள்ளை என்னைக் கேட்டுவிட்டு அப்பாவைக் கேட்கிறாள். கோபம்கூட வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் அப்பாவையும் நம்பியிருக்க மாட்டேன், ஹுஸ்னாவுக்குப் போன் போட்டிருப்பேன்.

ஜெயமேரி பேப்பரை மடித்து ரோஸ்மேரியிடம் கொடுத்தாள். குனிந்து பிள்ளையைத் தரையில் விட்டாள்.